காணாமல் போன கரண்டிகள்

ஏப்ரல் 27, ஞாயிறு

மருந்து கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. தாமிரா கிறுக்கி வைத்ததைத் தவிர இதில் ஒன்றும் கிடையாது. இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், விஷயத்தை வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. என் மகளுக்கு ஆய் வரமாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் விஷயம். எழுதும்போதே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

கூச்சப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள் நான். ஊரில் பாதிப் பேருடைய மலத்தை டப்பாவில் வாங்கி, பெயர் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவள். டப்பாவைத் தினத்தாளில் சுற்றி, தலையைக் குனிந்துகொண்டு நீட்டுகிறவர்களிடம், "இதுல என்னண்ணே வெக்கம், எல்லாருக்கும் உள்ளதுதான" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொன்னவள். இப்போது நானே சுற்றி மறைக்கிறேன்.

ஜூன் முதல் வாரம் லேபுக்குத் திரும்பப் போக வேண்டும். தாமிரா விளையாட்டுப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே சேர்க்கைக்குப் போனபோது ஒரு டீச்சரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "டயாப்பர் போட்ட பிள்ளைங்கள எடுக்கிறதில்லங்க. அம்மாமாருதான் பழக்கி அனுப்பணும்." அன்றைக்கே மஞ்சள் நிறத்தில் வாத்து மாதிரி, பிள்ளை உட்கார்ந்து ஆய் போக ஒரு பிளாஸ்டிக் சீட்டு வாங்கினோம். என் வீட்டுக்காரர் அதை வண்டியின் முன்னால் உட்காரவைத்துத் தெருவே பார்க்கக் கொண்டுவந்தார். தாமிரா அந்த வாத்துக்குப் பிஸ்கட் ஊட்டுகிறாள், தூங்கவைக்கிறாள். உட்கார மட்டும் மாட்டாள். வயிறு முட்டும்போது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் போய், காலைப் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நிற்கிறாள். முகம் சிவந்துவிடும். "வருதாம்மா?" என்றால் "வரல" என்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு வைராக்கியம்.

இது தொடங்கியது கோமு மைனி வைத்தியத்தில். அடுத்த தெருவில் இருக்கிறார், என் வீட்டுக்காரருடைய அக்கா. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டுப் பின்பக்கம் வைத்தால் உடனே போய்விடும் என்றார். மைனி வைத்தார், நான் காலைப் பிடித்துக்கொண்டேன். கல் மாதிரி வந்தது, கூடவே கொஞ்சம் ரத்தமும். பிள்ளை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்துதான் அடக்குகிறாள்.

டாக்டர் ரெஜினாவிடம் காட்டினோம். "ஒருக்கா வலிச்சுட்டுன்னா பிள்ளைக அடக்கும் வடிவு. அடக்கினா கெட்டியாவும், கெட்டியானா இன்னும் வலிக்கும். இந்த மருந்த தினமும் குடு. நல்லா போனாலும் நீயா நிறுத்தக் கூடாது" என்றார். இனிப்பு மருந்து. சப்புக்கொட்டிக் குடிக்கிறாள்.


ஏப்ரல் 30, புதன்

போகவில்லை. பப்பாளி, உலர்ந்த திராட்சை ஊறவைத்த தண்ணீர், கீரை. எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது.


மே 3, சனி

போனாள். பீரோ சந்தில் நின்றபடியே, ஜட்டியில். அவளும் அழுதாள், நானும் அழுதேன். ஆனால் போனாள், அது போதும். மருந்து வேலை செய்கிறது.

மதியம் மைனி வந்தார். "எங்க செல்வன் ஒண்ணரை வயசுலயே அம்மா ஆயின்னு சொல்லிட்டுப் போவான். ஒரு நாளு கூட ஜட்டிக்குள்ள போனது கெடையாது" என்றார். இதை நான் கேட்டது எத்தனையாவது தடவையோ. மைனி மகன் செல்வன் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறான். தொடையில் தீபாவளிச் சங்குசக்கரம் பட்ட தழும்பு இருப்பதால் இந்த வெயிலிலும் முழுக்கால் பேண்ட்தான் போடுவான். நல்ல பையன். அவன் எப்போது ஆய் போகப் பழகினான் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருப்பது அவனுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவான்.


மே 7, புதன்

இரண்டு நாளாக ஜட்டியில் கறை. தண்ணியாக, கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிவிட்டு வந்து உட்கார்வதற்குள் மறுபடியும். "சொல்லுறதுக்கு என்னட்டி?" என்றால் திருதிருவென்று முழிக்கிறாள்.

மைனி பார்த்ததும் சொல்லிவிட்டார்: "வயித்தால போகுது பாரு. அந்த மருந்துதான். நிப்பாட்டு மொதல்ல." எனக்கும் அப்படித்தான் பட்டது. நிறுத்திவிட்டேன். வாழைக்காய்ப் பொரியலும் மோர்ச் சாதமும் கொடுத்தேன், கட்டுவதற்கு.

டாக்டரைக் கேட்டிருக்கலாம். அவர் கிளினிக்கும் எங்கள் லேபும் ஒரே கட்டடம், ஒரு போன் போதும். ஆனால், "லேபுல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியலையா" என்று நினைத்துவிட்டால்? தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் கேட்கவில்லை.


மே 9, வெள்ளி

காலையிலிருந்து துவைத்துக்கொண்டே இருக்கிறேன். கொடி முழுக்கக் குட்டிக் குட்டி ஜட்டி. எதிர்வீட்டு அக்கா, "என்ன வடிவு, கடை போட்டிருக்கியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே வந்தால் புதிதாக மாற்றிவிட்டதும் நனைந்திருக்கிறது. ச்சீ என்று வந்துவிட்டது எனக்கு.

சாயங்காலம் தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடியும். கொஞ்சம் சத்தம் போட்டேன். பெற்றவள் சத்தம் போடாமல் யார் போடுவார்கள்?

மீதி மாவை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.


மே 10, சனி

தோசைக்கரண்டியைக் காணோம். அடுப்படி முழுக்கத் தேடிவிட்டேன். கத்தியால் திருப்பியதில் எல்லாத் தோசையும் கிழிந்தது. அவர் நேற்று தேங்காய் உடைக்கிறேன் என்று எதையோ எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனார், அங்கே போட்டிருப்பார். கேட்டால் "நான் எடுக்கல" என்கிறார். இந்த வீட்டில் யாருமே எதையும் எடுப்பதில்லை.

தாமிரா இன்றைக்குப் புதிதாக ஒன்று கேட்கிறாள். "அடுப்பு அணைச்சாச்சா?" அணைத்தாயிற்று என்றால், வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு கேள்வி.


மே 12, திங்கள்

அவர் டவுனில் பாத்திரக்கடையில் வேலை பார்ப்பது இதற்காவது உதவியது. நேற்று புதுத் தோசைக்கரண்டி கொண்டுவந்தார், மரப்பிடி போட்டது. "இதையாவது பத்திரமா வையி" என்றார். காலையில் தோசை பூப்போல வந்தது. மதியம் பார்த்தால் அதைக் காணோம். குழிக்கரண்டியையும் காணோம். எனக்கு மறதி வந்துவிட்டதா என்று பயமாக இருக்கிறது.

தாமிரா சரியாகச் சாப்பிடவில்லை. கறை மட்டும் நிற்கவில்லை.


மே 14, புதன்

மைனி வீட்டில் புது சோஃபா. வெளிர் நிறம். வேண்டாம், போகவேண்டாம் என்று மனசு சொன்னது, கேட்கவில்லை. மைனி மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். தாமிராவைக் கீழேயே உட்காரவைத்திருந்தேன். அந்த அம்மாள் பிரியமாகத் தூக்கிப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். எழுந்தபோது சோஃபாவில் கறை, அந்த அம்மாளின் சேலையிலும்.

எல்லாரும் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. மைனி மட்டும் வாளியில் தண்ணீர் கொண்டுவரும்போது என் காதில் விழுகிற மாதிரி, "ஒரு பிள்ள, அதையும் பழக்கத் தெரியல" என்றார். நான் சேலைத் தலைப்பால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பெரிதாயிற்று.

வீட்டுக்கு வந்து கண்டித்தேன்.


மே 17, சனி

நேற்று முழுக்க வாந்தி. வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது, தொட விடவில்லை. அவர்தான் "கெளம்பு" என்று வண்டியை எடுத்தார். டாக்டர் ரெஜினா வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். ஒரு எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். திரும்ப வந்ததும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மருந்த எப்ப நிறுத்தின?"

சொன்னேன். வயிற்றால் போயிற்று, அதனால்தான் என்றேன்.

"வயித்தால போகல வடிவு. உள்ள கெட்டியா அடைச்சுக்கிட்டு நிக்கி. அதுக்கு மேல உள்ள தண்ணி, இடுக்கு வழியாக் கசிஞ்சு வந்திருக்கு. குடல் விரிஞ்சு போயி, வாரது பிள்ளைக்கே தெரியாது. நீ சொல்லச் சொன்னா அவ எப்படிச் சொல்லுவா? தெரிஞ்சாத்தான சொல்ல முடியும்."

நான் வாழைக்காய் கொடுத்தேன். அடைத்துக்கொண்டு கிடந்த வயிற்றுக்கு, இன்னும் அடைக்கட்டும் என்று.

"அடிச்சியா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன். அடிக்கவில்லை. அது உண்மை.

அவர் தாமிராவின் பக்கம் குனிந்தார். "தங்கப்பிள்ள, வாத்து மேல உக்காந்து ஆய் போனா வயிறு வலிக்காதுல்லா, ஏன் போகமாட்டேங்க?"

தாமிரா என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அடுப்பு" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "பசிக்கும்போல டாக்டர், தோசை கேக்கா" என்றேன். எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தப் பொய். டாக்டர் சிரித்து அவள் கன்னத்தைத் தட்டினார். தாமிரா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனிமா கொடுத்தார்கள். நர்ஸ் அவள் காலைப் பிடிக்கச் சொன்னாள். நான் வெளியே வந்துவிட்டேன், வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். போகும்போது டாக்டர் சொன்னார்: "இந்தத் தடவ சுத்தம் பண்ணியாச்சு. மறுபடி அடக்கினா மறுபடி இதே கததான். மருந்து பாதிதான் வடிவு. பிள்ளைக்குப் பயம் போகணும்."


மே 19, திங்கள்

பீரோவுக்குப் பின்னால் கூட்டலாம் என்று விளக்குமாற்றை விட்டேன். கணீரென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பழைய தோசைக்கரண்டி. மரப்பிடி போட்ட புதுசு. குழிக்கரண்டி. சாதக்கரண்டி. எண்ணெய்க் கரண்டி. இடுக்கிகூட இருந்தது. அவள் அடக்கிக்கொண்டு நிற்கிற அதே சந்தில், சுவரோரமாக வரிசையாக அடுக்கி, மேலே அவளுடைய துண்டைப் போட்டு மூடியிருந்தாள்.



இந்த டைரியைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி "கொஞ்சம் சத்தம் போட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். பதினான்காம் தேதி "கண்டித்தேன்" என்று. எனக்கு நானே எழுதுகிற இடத்தில்கூட எவ்வளவு சாமர்த்தியம்.

நடந்தது இது. ஒன்பதாம் தேதி கையில் தோசைக்கரண்டி இருந்தது. அதைத் தீயில் காட்டினேன். சிவக்கிற அளவுக்கு வைக்கவில்லை. பார், இப்போதும் எனக்காக வாதாடுகிறேன். அவளை இழுத்து, ஜட்டியை இறக்கி, கரண்டியைப் பின்பக்கம் கிட்டே கொண்டுபோனேன். "இன்னொரு தடவ உள்ள போனா இங்கனயே சூடு வைப்பேன்" என்றேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள பேச்சுதான் அது. எல்லாரும் வாயால் சொல்லுவார்கள், நான் அடுப்புவரைக்கும் போனேன். சோஃபா அன்றைக்கு இரண்டாவது தடவை. இன்னும் கிட்டே. அந்த அனல் அவள் தோலில் பட்டிருக்கும். அவள் அழவில்லை, உடம்பை இறுக்கிக்கொண்டாள். என் கண்ணால் பார்த்தேன், இறுக்கிக்கொண்டதை.

பேண்டதற்குச் சூடு என்றால் பேளாமல் இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். சூடு வைக்கக் கரண்டி வேண்டும் என்றால் கரண்டியே இல்லாமல் செய்துவிடலாம் என்றும். மூன்று வயதில் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? சாப்பிடாமல் கிடந்த நாட்களில்கூட ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். நான் அவள் எதிரிலேயே நின்று "கரண்டி எங்க, கரண்டி எங்க" என்று தேடியிருக்கிறேன்.

நான் நல்ல அம்மா இல்லை. இதை எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

கரண்டிகளை எடுக்கவில்லை. துண்டை மறுபடியும் அதேபோல் போட்டு மூடிவிட்டு வந்தேன்.


மே 20, செவ்வாய்

காலையில் சந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். வரவில்லை, கட்டில் அருகிலேயே நின்றாள்.

"கரண்டி எல்லாம் அங்கதான் இருக்கு. அம்மா பாத்துட்டேன். எடுக்கமாட்டேன், அது ஒனக்கு."

"தோசக்கரண்டி?"

"அதுவும் ஒனக்குத்தான். அம்மா சூடு வைக்கவே மாட்டேன். அம்மா செஞ்சது தப்பு."

அவள் சந்துக்குள் போய்த் துண்டைத் தூக்கி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். தப்பு என்ற வார்த்தையை விட, கரண்டி அங்கேயே இருந்ததுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இட்லி சாப்பிட்டபிறகு, டாக்டர் சொன்னபடி வாத்தைப் போட்டு, கால் ஊன்ற ஒரு பலகையும் வைத்தேன். நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள், கையில் பழைய தோசைக்கரண்டி.

"அடுப்பு?"

"அணைச்சாச்சு."

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கரண்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாத்தின் மேல் உட்கார்ந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முனகினாள். வலிக்கப்போகிறது என்று நினைத்து என் கையைப் பிடிப்பாள் என்று பார்த்தேன். கரண்டியைத்தான் இறுக்கிப் பிடித்தாள்.

போனாள். வலிக்காமல்.


மே 22, வியாழன்

போனாள். கரண்டியோடு.

குழம்பை டம்ளரால் மொண்டு ஊற்றுகிறேன். அவர் கேட்டதற்கு, தொலைந்துபோயிற்று என்று மட்டும் சொன்னேன். தொலைந்தது எது என்று சொல்ல வாய் வரவில்லை.


மே 25, ஞாயிறு

தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தேன். தாமிராவைப் பார்க்க என்று மைனி வந்தார், சாப்பிட உட்காரச் சொன்னேன். அவரும் மைனியும் தரையில் உட்கார்ந்தார்கள். நான் டம்ளரில் மொண்டு ஊற்றினேன்.

"ஏ வடிவு, என்னட்டி இது, சொதிய டம்ளர்ல ஊத்துத? தம்பி பாத்திரக்கடையில நிக்கான், வீட்டுல ஒரு கரண்டிக்கு வழியில்லையா?"

"அதான் எனக்கும் வெளங்கல, அக்கா" என்றார் அவர். "நானும் கொண்டாந்துகிட்டேதான் இருக்கேன். எல்லாம் எங்கதான் போகுதோ."

கரண்டியைத் தேய்க்கப் போட்டிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். கதவுக்குக் கீழே இரண்டு சின்னப் பாதம் தெரிந்தது. கதவிடுக்கில் ஒரு கண். டாக்டர் அறையில் என்னைப் பார்த்த அதே பார்வை. இன்றைக்கும் நான் பொய் சொன்னால், செவ்வாய்க்கிழமை சொன்ன "சூடு வைக்கமாட்டேன்" என்பதும் பொய்தான் என்று அவளுக்கு ஆகிவிடும். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கரண்டி எல்லாத்தையும் தாமிரா எடுத்து ஒளிச்சு வச்சிருக்கா மைனி. நான் தோசக்கரண்டியத் தீயில காட்டி, சூடு வைப்பேன்னு அவளப் பயங்காட்டினேன். ரெண்டு தடவ. அதுலதான் பிள்ள அடக்கி அடக்கி ஆஸ்பத்திரி வரைக்கும் போச்சு."

அவருடைய கை இலையிலேயே நின்றது. "வச்சிட்டியா?" என்றார்.

"இல்ல. கிட்ட கொண்டுபோனேன்."

"பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான் வடிவு."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. மைனி ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். தெருவெல்லாம் போகும், சம்பந்தி வீடுவரை போகும், போகட்டும் என்று இருந்தேன்.

மைனி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"செல்வன் தொடையில இருக்குல்லா," என்றார், இலையைப் பார்த்தபடி. "அது சங்குசக்கரம் இல்லட்டி."

நான் அவரைப் பார்த்தேன்.

"நான் வச்சுட்டேன். அன்னையிலருந்து ஒரு நாளும் உள்ள போகல. ஒண்ணரை வயசுலயே பழகிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்கு வரைக்கும் எம்முன்னால துணிய மாத்தமாட்டான்."

நான் கிட்டே போய் உட்கார்ந்தேன். மைனி இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவு அசைந்தது. தாமிராவின் காலடி பீரோ பக்கம் போவது கேட்டது. கரண்டிகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். பிறகு குழிக்கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். தூசி ஒட்டியிருந்தது. என் மடியில் வைத்தாள்.

"கொழம்புக்கு" என்றாள்.

"தோசக்கரண்டி, தாமிரா?"

யோசித்தாள். அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது எங்கிட்ட இருக்கட்டும்."


ஜூன் 2, திங்கள்

இன்று லேபுக்குப் போயிருக்க வேண்டிய நாள். கொஞ்ச நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் ரெஜினாவைப் பார்த்து, அன்றைக்கு அவள் தோசை கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மருந்த நிறுத்திராத" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரர் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. தாமிராவைக் குளிப்பாட்டுவது இப்போது அவர்தான்.

தினமும் போகிறாள். சாதக்கரண்டி வெள்ளிக்கிழமை வந்தது, இடுக்கி நேற்று. நான் கேட்பதில்லை.

தோசையை இன்னும் கத்தியால்தான் திருப்புகிறேன்.